எம்35ஏ2 ராணுவ லாரி: ஏலத்தில் எடுத்தது முதல் சாலையில் ஓட்டும் வரை, பராமரிப்புக்கும் உதிரிபாகத் தேடலுக்கும் முழுமையான வழிகாட்டி

அமெரிக்க ராணுவம் கழித்துவிட்ட எம்35ஏ2 என்ற, இரண்டரை டன் சுமையேற்றும் லாரியை ஏலத்தில் எடுத்தவர்களில் பெரும்பாலோர் முதல் வேலையாகப் புது பேட்டரிகளை மாட்டி எஞ்சினைக் கிளப்பிப் பார்க்கிறார்கள். பல வகை எரிபொருளில் ஓடக்கூடிய அதன் மல்டிஃப்யூல் எஞ்சின் ஆண்டுக்கணக்கில் நின்றிருந்தாலும் பெரும்பாலும் கிளம்பிவிடும். அந்த உற்சாகத்தில் கொட்டகையை ஒரு சுற்று சுற்றி வந்து பிரேக்கை மிதிக்கும்போதுதான் பெடல் தரையைத் தொடுகிறது. டெக்சஸில் நான் வேலை பார்க்கும் பண்ணைக் கொட்டகையிலேயே இப்படி வைக்கோல் சுருளில் மோதி நின்ற வண்டியைப் பார்த்திருக்கிறேன். வைக்கோல் இருந்தது ஓட்டியவருடைய நல்ல நேரம்.

ஆகவே இந்த வழிகாட்டி வண்டியை நிறுத்தும் வேலையிலிருந்து தொடங்குகிறது. படிகளின் வரிசையை மாற்றாதீர்கள். ஒரு படியைத் தாண்டினால் அதற்கு அடுத்த படியில் செய்த வேலையைத் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும்.

1. பணம் கட்டுவதற்கு முன்: தகடுகளும் காகிதங்களும்

ஓட்டுநர் அறையின் உலோகத் தகடுகளை முதலில் படமெடுங்கள். வண்டியின் மாதிரி, வரிசை எண், ஒப்பந்த எண், ஒப்படைத்த தேதி ஆகியவை அவற்றில் இருக்கும். ராணுவப் பணிமனையில் மறுசீரமைக்கப்பட்ட வண்டியானால் அதற்கெனத் தனித் தகடு இருக்கும். அப்படிப்பட்ட வண்டியில் எஞ்சின், கியர்பாக்ஸ், பிரேக் பாகங்கள் முதலில் பொருத்தப்பட்டவையாக இல்லாமல் இருக்கலாம் என்பதால், முதல் தகட்டை மட்டும் நம்பிப் பாகம் வாங்கக் கூடாது.

அடுத்து எஞ்சினின் தகட்டைப் பாருங்கள். எம்35ஏ2 வண்டிகளில் டர்போ உள்ள எல்டிடி-465 வகைகள் பரவலாக உண்டு. டர்போ இல்லாத எல்டி-465 உள்ளவையும் உண்டு. ஐந்து டன் வண்டிகளில் வந்த எல்டிஎஸ்-465 இவற்றின் நெருங்கிய உறவுதான் என்றாலும் எல்லாப் பாகங்களும் மாறிப் பொருந்துவதில்லை. எம்35ஏ3 என்று எழுதியிருந்தால் அதில் இருப்பது கேட்டர்பில்லர் எஞ்சினும் ஆட்டோமேட்டிக் கியரும். கீழே எஞ்சினைப் பற்றிச் சொல்வது எதுவும் அதற்குப் பொருந்தாது.

காகிதங்களில் முக்கியமானது எஸ்எஃப்-97 என்ற படிவம். அதைக் கொண்டுதான் மாநிலத்தில் உரிமைப் பத்திரம் வாங்க முடியும். சில வண்டிகள் சாலைக்கு வெளியே மட்டும் பயன்படுத்தலாம் என்ற நிபந்தனையோடு விற்கப்படுகின்றன. பதிவு விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுவதால், உங்கள் மாநில அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகே விலை கேளுங்கள்.

2. கையேடுகள்

டிஎம் 9-2320-361 என்ற ராணுவத் தொழில்நுட்பக் கையேட்டு வரிசையே இந்த வண்டியின் வேதம். எண்ணின் இறுதியில் -10 என்று முடிவது ஓட்டுநருக்கானது. -20 என்பது படைப்பிரிவு அளவிலான பராமரிப்பு. -34 என்பது பெரிய பழுதுகள். முடிவில் பி என்ற எழுத்து சேர்ந்தால் அது உதிரிபாகப் பட்டியல். அமெரிக்க அரசின் வெளியீடுகள் என்பதால் இவற்றுக்குக் காப்புரிமை இல்லை, இலவசமாகவே கிடைக்கின்றன.

புதியவர்கள் -20, -34 ஆகியவற்றை மட்டும் இறக்கிக்கொண்டு பட்டியல் நூல்களை விட்டுவிடுகிறார்கள். ஆனால் பட்டியல் நூலில்தான் ஒவ்வொரு பாகமும் பிரித்துப் போட்டாற்போல வரையப்பட்டிருக்கும். எந்த வாஷர் எந்தப் பக்கம் என்ற ஐயம் வந்தால் பழுது நூலைவிட அந்தப் படம் விரைவாகப் பதில் சொல்லும்.

3. கருவிகளும் தரையும்

வெற்று வண்டியே ஏறத்தாழ ஆறு டன் எடை இருக்கும். கான்கிரீட் தரை வேண்டும். மண் தரையானால் தடித்த எஃகுத் தகடு போட்டு அதன் மேல் ஜாக்கியை வையுங்கள். 20 டன் ஜாக்கி ஒன்று, அதே தாங்குதிறன் கொண்ட ஸ்டாண்டுகள், சக்கரங்களுக்கு முட்டுக்கட்டைகள், முக்கால் அங்குல டிரைவ் கொண்ட நீண்ட கைப்பிடி, ஒன்றரை அங்குல சாக்கெட், பின் உட்சக்கர நட்டுக்கான 13/16 அங்குலச் சதுரக் கருவி ஆகியவை இல்லாமல் தொடங்க முடியாது.

கைப்பிரேக்கை நம்பி வண்டிக்கடியில் போகாதீர்கள். அது சக்கரத்தைப் பிடிப்பதில்லை. கியர்பாக்ஸின் விசையை முன், பின் அச்சுகளுக்குப் பிரித்தனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்புறமுள்ள டிரம்மைப் பிடித்து, புரொப்பெல்லர் ஷாஃப்ட் வழியாகத்தான் பின்சக்கரங்களை நிறுத்துகிறது. ஷாஃப்டைக் கழற்றிய நொடியில் வண்டி கட்டற்றதாகிவிடும்.

4. பிரேக்கின் திரவப் பகுதி

இந்த வண்டியின் பிரேக், காற்றின் உதவியோடு இயங்கும் ஹைட்ராலிக் பிரேக். பெடலை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டரின் அழுத்தம் ஏர்பேக் (Air-Pak; கார்களில் விரியும் காற்றுப்பை அல்ல) என்ற கலனுக்குப் போகிறது. அங்கே காற்று அந்த அழுத்தத்தைப் பெருக்கி ஆறு சக்கர முனைகளுக்கும் அனுப்புகிறது. எல்லாம் ஒரே சுற்று. இன்றைய கார்களைப் போல முன்புறம் போனாலும் பின்புறம் பிடிக்கும் என்ற பேச்சே இல்லை. சக்கரத்தில் பிரேக் ஷூக்களைத் தள்ளும் ஒரு வீல் சிலிண்டரோ ஒரு ரப்பர் ஹோஸோ விட்டுவிட்டால் ஆறு முனைகளும் ஒன்றாகப் போய்விடும். எஞ்சினுக்கு முன் பிரேக் என்று வலியுறுத்துவது இதனால்தான்.

முதலில், உள்ளே இருக்கும் திரவம் எது என்று கண்டுபிடியுங்கள். ராணுவம் 1980களில் சிலிக்கோன் அடிப்படையிலான டாட் 5 திரவத்துக்கு மாறியது. ஆனால் இடையில் வைத்திருந்தவர் யாராவது கடையில் கிடைத்த டாட் 3 திரவத்தை ஊற்றியிருக்கலாம். டாட் 5 புதிதாக இருக்கும்போது ஊதா நிறம். பழையதாகும்போது வெளுத்துவிடும் என்பதால் நிறத்தை வைத்து முடிவு செய்யக் கூடாது. மாஸ்டர் சிலிண்டரிலிருந்து இரண்டு தேக்கரண்டித் திரவத்தைச் சிறிய கண்ணாடிக் குப்பியில் எடுத்து, அதே அளவு தண்ணீர் சேர்த்து மூடிக் குலுக்கி வையுங்கள். டாட் 3 தண்ணீரோடு கலந்து ஒரே நீர்மமாகிவிடும். சிலிக்கோன் சிறிது நேரத்தில் பிரிந்து, நடுவில் தெளிவான கோட்டோடு இரண்டு அடுக்காக நிற்கும். கலங்கலாக, நடுவில் குழம்பு போன்ற படலத்தோடு நின்றால் இரண்டும் கலந்திருக்கக்கூடும். அப்போது குழாய்கள் முழுவதையும் கழுவி, ரப்பர் பாகங்கள் அனைத்தையும் மாற்றுவதே வழி.

சிலிக்கோன் தண்ணீரை உறிஞ்சாது என்பது நன்மைதான், ஆனால் அதே காரணத்தால் உள்ளே புகுந்த தண்ணீர் திரவத்தில் கலக்காமல் வீல் சிலிண்டரின் அடியில் தேங்கி அந்த ஓரிடத்தை மட்டும் அரிக்கிறது. திரவம் பளிச்சென்று இருக்கிறதே என்று விட்டுவிடாமல் வீல் சிலிண்டர்களின் தூசு உறையைத் தூக்கிப் பாருங்கள். அங்கே ஈரம் தெரிந்தால் அந்த முனையைக் கழற்ற வேண்டும்.

கழற்றுவது எளிதல்ல. டிரம் ஹப்போடு சேர்ந்து வருவதால் பேரிங் நட்டுகளை எடுத்தாக வேண்டும். அவ்வளவு தூரம் போனபிறகு ஹப்பின் உட்சீலை மாற்றாமல் மூடுவது வீண். அந்த சீல் கசிந்தால் கியர் எண்ணெய் புதுப் பிரேக் ஷூக்களை ஊறவைத்துவிடும். சீலை மாற்றுமுன் அச்சின் மேலிருக்கும் காற்றுத்துளையைச் சுத்தம் செய்யுங்கள். அது மண்ணால் அடைபட்டிருந்தால் அச்சு சூடேறும்போது உள்ளழுத்தம் கூடி, எவ்வளவு நல்ல சீலானாலும் எண்ணெய் வெளியே தள்ளப்படும். ஒரே சீலை மூன்று முறை மாற்றிவிட்டுச் சீல் விற்ற கடையைத் திட்டியவர்களை எனக்குத் தெரியும்.

ரப்பர் ஹோஸ்கள் அனைத்தையும் வெளித்தோற்றம் பார்க்காமல் மாற்றுங்கள். பழைய ஹோஸ் உள்ளே உப்பி அடைத்துக்கொண்டால், பெடலை விட்ட பிறகும் ஷூக்கள் திரும்பாமல் டிரம் கொதிக்கும்.

திரவக் குழாய்களில் சிக்கிய காற்றை எடுக்கும்போது ஏர்பேக்கின் திருகுகளில் தொடங்கி, பிறகு மிகத் தொலைவிலுள்ள சக்கரத்திலிருந்து அருகிலுள்ளதற்கு வாருங்கள். ஏர்பேக்கை விட்டுவிட்டால் அதில் தங்கிய குமிழி எத்தனை முறை சக்கரங்களில் எடுத்தாலும் போகாது. சிலிக்கோனை வேகமாக ஊற்றினால் நுண்ணிய குமிழிகள் உள்ளே சிக்கிக்கொள்ளும், மெல்ல ஊற்றுங்கள். எல்லாம் முடிந்ததும் பெடலை ஒரு நிமிடம் முழுவதும் காலால் அழுத்திப் பிடியுங்கள். மெல்ல இறங்கினால் எங்கோ கசிவு மிச்சமிருக்கிறது.

5. எஞ்சின் எண்ணெய்

எண்ணெயை மாற்றுவதற்கு முன் அளவுகோலை எடுத்து முகர்ந்து பாருங்கள். எண்ணெய் மட்டம் குறிக்கு மேலே இருந்து டீசல் வாடையும் அடித்தால், இன்ஜெக்‌ஷன் பம்பின் உட்சீல்கள் விட்டு எரிபொருள் எஞ்சினுக்குள் இறங்குகிறது என்று பொருள். நீர்த்துப்போன எண்ணெயோடு கிளப்பினால் பேரிங்குகள் போய்விடும்.

மொத்தக் கொள்ளளவு 22 குவார்ட், அதாவது ஏறத்தாழ 21 லிட்டர். வடிகட்டிகள் இரண்டு, உலோகக் கலன்களுக்குள் இருக்கின்றன. இங்கேதான் மிகப் பரவலான தவறு நடக்கிறது. கலனைக் கழற்றும்போது பழைய கேஸ்கெட் மேலேயுள்ள காடியில் கருத்து ஒட்டிக்கொண்டிருக்கும். இரும்பின் நிறத்திலேயே இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. அதன் மேல் புதியதை வைத்து இறுக்கினால் எஞ்சின் கிளம்பிய சில நொடிகளில் எண்ணெய் முழுவதும் தரையில் கொட்டிவிடும். விளக்கடித்துப் பார்த்தால் போதாது. வளைந்த கூர்முனை ஊசியால் காடி முழுவதும் சுற்றிக் கீறிப் பாருங்கள். இரும்பில் கீறினால் கிரீச் என்று கேட்கும், ரப்பரில் ஊசி ஓசையின்றி அழுந்தும். கலன்களை எண்ணெயால் நிரப்பியே மாட்டுங்கள். பிறகு எஞ்சினை நிறுத்தும் கைப்பிடியை இழுத்துப் பிடித்துக்கொண்டு செல்ஃப் மோட்டாரை இடைவெளி விட்டுச் சுழற்றி, எண்ணெய் அழுத்தமானியின் முள் எழுந்த பிறகே கிளப்புங்கள்.

6. எரிபொருள்

மல்டிஃப்யூல் என்ற பெயரை நம்பிப் பழைய எண்ணெய்களை ஊற்றாதீர்கள். டாங்கியில் கிடப்பதை முற்றிலும் வடித்துவிட்டு டீசல் நிரப்புங்கள். வடிகட்டிகள் மூன்று. ஒவ்வொன்றின் அடியிலும் வடிகுழாய் உண்டு. தண்ணீர் தெரிகிறதா என்று அங்கே பாருங்கள்.

டாங்கிக்குள் மின்பம்ப் ஒன்று இருக்கிறது. சுவிட்சைப் போட்டதும் அதன் மெல்லிய முரலல் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் வடிகட்டிகளை மாற்றிய பிறகு எஞ்சினுக்கு எரிபொருள் போய்ச் சேர வெகுநேரம் ஆகும்.

7. முதல் முறை கிளப்புதலும் நிறுத்துதலும்

இந்த எஞ்சின் சாவியாலோ சுவிட்சாலோ நிற்காது. கைப்பிடியை இழுத்தால், கம்பி இன்ஜெக்‌ஷன் பம்பின் நெம்பியை நகர்த்தி எரிபொருளை நிறுத்துகிறது. ஆகவே கிளப்புவதற்கு முன் ஒருவர் கைப்பிடியை இழுக்க, மற்றவர் பானெட்டுக்குள் நெம்பி முழுத் தொலைவும் நகர்கிறதா என்று பார்க்க வேண்டும். காற்று உள்ளிழுக்கும் வாயை மூடும் அளவுக்குத் தட்டையான பலகை ஒன்றும் கையில் இருக்கட்டும். எஞ்சின் கட்டுமீறி ஓடினால் காற்றை அடைப்பதே கடைசி வழி. கையால் அடைக்க முயலாதீர்கள்.

காரோட்டிப் பழகியவர்கள் சுவிட்சை அணைத்துவிட்டு, எஞ்சின் ஓடிக்கொண்டே இருப்பதைப் பார்த்துத் திகைக்கிறார்கள். திகைப்போடு போவதில்லை, ஓடும்போது சுவிட்சை அணைப்பது மின்னூட்ட அமைப்பையும் கெடுக்கும். முதலில் கைப்பிடி, எஞ்சின் நின்ற பிறகு சுவிட்ச். டர்போ உள்ள எஞ்சினை நிறுத்துவதற்கு முன் சில நிமிடங்கள் மெதுவோட்டத்தில் விடுங்கள். சூடாகச் சுழலும் டர்போவின் பேரிங்குக்கு எண்ணெய் திடீரென்று நின்றால் அது அங்கேயே கருகும்.

8. பிரேக்கின் காற்றுப் பகுதி

எஞ்சின் ஓடத் தொடங்கியதும் காற்றழுத்தக் குறைவை அறிவிக்கும் ஒலிப்பான் கத்தும். அழுத்தம் ஏறத்தாழ 60 பிஎஸ்ஐ தாண்டியதும் அது அடங்கும். அடங்கியதுமே புறப்படுவது தவறு. 90க்கு மேல் ஏறும் வரை பொறுங்கள். பிறகு எஞ்சினை நிறுத்தி, பெடலைத் தொடாமல் முள்ளைக் கவனியுங்கள். அடுத்து பெடலை அழுத்திப் பிடித்தபடி கவனியுங்கள். முதலாவதில் நின்று இரண்டாவதில் இறங்கினால் கசிவு ஏர்பேக் பக்கம். இரண்டிலும் இறங்கினால் குழாய் இணைப்புகளில் சோப்பு நீர் தடவித் தேடுங்கள். காற்றுக் கலன்களின் வடிகுழாய்களை ஓட்டும் நாளெல்லாம் திறந்து தண்ணீரை வடித்துவிடுங்கள்.

9. மின்சாரம்

அமைப்பு 24 வோல்ட். 12 வோல்ட் பேட்டரிகள் இரண்டு தொடராக இணைக்கப்பட்டுள்ளன. வானொலிக்காகவோ கைபேசிக்காகவோ ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுப்பவர்கள் அதிகம். அப்படி எடுத்தால் ஒரு பேட்டரி குறைந்தும் மற்றது அளவுக்கு மீறி ஏறியும் இரண்டும் சீக்கிரம் கெடும். 24 வோல்ட்டை 12 ஆக்கும் சிறிய மாற்றி ஒன்றை வாங்கிப் போடுங்கள்.

ஒயர்களைத் தேடுவது இந்த வண்டியில் சுகம். ஒவ்வொரு ஒயரின் முனையிலும் எண் பொறித்த உலோக வளையம் உண்டு. கையேட்டின் மின்படத்தில் அதே எண்ணைப் பிடித்தால் போதும். அந்த வளையத்தை வெட்டி எறியாதீர்கள்.

10. சக்கரங்கள்

இடப்பக்கச் சக்கர நட்டுகளுக்கு இடது மரை, வலப்பக்கமாகச் சுழற்றினால்தான் கழலும். இது தெரியாமல் கைப்பிடியில் குழாயை மாட்டி எதிர்த்திசையில் இறுக்கிப் போல்ட்டை முறித்தவர்கள் பலர்.

ரிம் பல துண்டுகளால் ஆனது. டயரைப் பிடித்து வைத்திருப்பது வெளிவளையம். துருப்பிடித்த வளையம் காற்றடிக்கும்போது தெறித்தால் ஆளைக் கொல்லும். வால்வின் உள்ளூசியைக் கழற்றிக் காற்று முழுவதும் போன பிறகே சக்கரத்தைத் தொடுங்கள். காற்றடிப்பது இரும்புக் கூண்டுக்குள், நீளமான குழாயோடு. இந்த வேலைக்கென்றே அமெரிக்கத் தொழிலிடப் பாதுகாப்பு அமைப்பான ஓஷாவின் 1910.177 என்ற விதி இருக்கிறது. கூண்டில்லாத கடையில் கொடுக்காதீர்கள்.

பின் அச்சுகள் இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுழல இடம் தரும் டிஃபரென்ஷியல் அவற்றுக்கு இடையில் இல்லை. எனவே டயர்களின் சுற்றளவு ஒத்திருக்க வேண்டும். தேய்ந்ததையும் புதியதையும் கலந்தால் இரண்டு அச்சுகளும் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டே ஓடும்.

11. கிரீஸும் கியர் எண்ணெயும்

உயவு அட்டவணையைப் பின்பற்றினால் போதும். இரண்டு குறிப்புகள் மட்டும். கியர்பாக்ஸில் பித்தளைப் பாகங்கள் இருப்பதால், அங்கே ஊற்றும் எண்ணெய் மஞ்சள் உலோகங்களைத் தாக்காதது என்று புட்டியில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். முன்னச்சின் திரும்பும் முனைகளைச் சுற்றியுள்ள ரப்பர் உறைகள் கிழிந்திருந்தால் கிரீஸ் போவதோடு மணலும் உள்ளே போகும். புதிதாக வாங்கும் வண்டிகளில் இவை கிழியாமல் இருப்பதை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன்.

12. உதிரிபாகம் தேடுதல்

கடைக்காரரிடம் பாகத்தின் பெயரைச் சொல்லாதீர்கள், எண்ணைச் சொல்லுங்கள். ஒரே பெயரில் நான்கு வகைப் பாகங்கள் இருக்கும், ஆனால் ஒரு எண்ணுக்கு ஒரே பொருள்தான்.

ராணுவத்தின் என்எஸ்என் (தேசிய இருப்பு எண்) எண்ணில் 13 இலக்கங்கள். முதல் நான்கு பொருளின் வகுப்பு: 2530 என்றால் பிரேக், ஸ்டியரிங், அச்சு, சக்கரம், 2520 என்றால் கியர், ஷாஃப்ட் வகையறா, 2910 எரிபொருள், 2920 எஞ்சினின் மின்பாகங்கள், 2930 குளிர்விப்பு, 2940 வடிகட்டிகள், 5330 கேஸ்கெட்டும் சீலும், 3110 பேரிங். அடுத்த இரண்டு இலக்கங்கள் எண்ணைக் கொடுத்த நாட்டைக் காட்டும், அமெரிக்காவுக்கு 00, 01, இந்தியாவுக்கு 72. கடைசி ஏழும் அந்த நாட்டு எண்ணும் சேர்ந்த ஒன்பது இலக்கங்களே பொருளின் உண்மையான அடையாளம். தேடும்போது அந்த ஒன்பதை மட்டும் போடுங்கள். வகுப்பு எண் மாறியிருந்தாலும் பொருள் அகப்படும்.

பழைய பெட்டியில் 11 இலக்கம்தான் இருக்கிறது என்று ஒதுக்கிவிடாதீர்கள். 1974க்கு முந்தைய எண்முறை அது. வகுப்பு எண்ணுக்குப் பின் 00 சேர்த்தால் இன்றைய எண் கிடைத்துவிடும்.

பட்டியலில் ஒவ்வொரு பாகத்துக்கும் அருகில் எழுத்தோ இலக்கமோ ஐந்து கொண்ட தயாரிப்பாளர் குறியீடும், அந்தத் தயாரிப்பாளரின் சொந்தப் பாக எண்ணும் இருக்கும். 19207 என்பது ராணுவத்தின் வாகனப் பிரிவுக்குரியது. அது மட்டும் இருந்தால் ராணுவ உபரிக் கடைகளில்தான் தேட வேண்டும். வேறு குறியீடும் சேர்ந்திருந்தால், அது டிம்கன், ஸ்பைசர் போன்ற வணிகத் தயாரிப்பாளருடையதாக இருக்கலாம். அப்போது பக்கத்து ஊர் லாரி உதிரிபாகக் கடையிலேயே பேரிங், யூ-ஜாயின்ட், சீல், பெல்ட் எல்லாம் கிடைக்கும். எண்ணே தெரியாத பேரிங்கையும் சீலையும் வெர்னியரில் அளந்து, உள்விட்டம், வெளிவிட்டம், அகலம் என்று மூன்று அளவுகளாகக் கொண்டு போனால் நல்ல பேரிங் கடைக்காரர் எடுத்துத் தந்துவிடுவார்.

ஏர்பேக், இன்ஜெக்‌ஷன் பம்பின் தலைப்பகுதி, டர்போ, அழுத்தமானிகள் ஆகியவற்றை வணிகக் கடைகளில் எதிர்பார்க்க வேண்டாம். இவை ராணுவ உபரியில் கிடைக்கும்போதே ஒவ்வொன்று வாங்கி வைத்துவிடுவது நல்லது. பம்பை மட்டும் பழைய பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே மாட்டாமல், டீசல் பம்ப் பணிமனையில் சோதனை மேடையில் ஓட்டிப் பார்த்த பிறகு மாட்டுங்கள்.

பெட்டி பிரிக்காத பழைய சரக்கு என்பது இரும்புக்கு நல்ல செய்தி, ரப்பருக்கு அல்ல. வீல் சிலிண்டர் பழுதுப் பொட்டலத்தின் மேல், ரப்பர் வார்க்கப்பட்ட காலாண்டும் ஆண்டும் அச்சிடப்பட்டிருக்கும். 2க்யூ85 என்றிருந்தால் 1985இன் இரண்டாம் காலாண்டு. அந்தப் பொட்டலத்தின் உலோகப் பாகங்களை மட்டும் எடுத்துக்கொண்டு, ரப்பர் கிண்ணங்களைப் புதிதாக வாங்குங்கள். ஒரு முறை இணையத்தில் ஒருவர் புதியது என்று விற்ற பழுதுப் பொட்டலத்தைப் பிரித்தபோது, கிண்ணத்தின் உதடு விரல் பட்டதும் பிஸ்கட் போல உடைந்து கையோடு வந்தது.

இடமிருந்தால், ஓடாத இரண்டாவது வண்டியொன்றை வாங்கிப் போடுவதே மிக மலிவான உதிரிபாகக் கிடங்கு. கோவ்பிளானட் போன்ற ஏலத் தளங்களில் எடுப்பதாக இருந்தால், வண்டியின் விலையைவிட அதை இழுத்து வரும் செலவைக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். கழற்றும் ஒவ்வொரு பாகத்திலும் கம்பியால் அட்டை கட்டி, பட்டியல் நூலின் படஎண்ணையும் என்எஸ்என் எண்ணையும் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை கிரீஸில் கரைந்துவிடும்.